கொக்கின் இடது கால்

எங்கள் எதிர்வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள். லிஃப்ட் மெக்கானிக், அவர் மனைவி, அவருடைய அக்கா. நாங்கள் குடியிருந்தது மூன்றாவது மாடி. கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் சரிபண்ணிவிட்டு, சாயங்காலம் கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அறுபத்தாறு படி ஏறி வருகிற மனிதரைக் கேலி செய்து செய்து எங்களுக்கே அலுத்துப்போயிருந்தது.

அவர் மனைவியைக் கட்டடத்தில் பொம்மைக்காரி என்றுதான் சொல்வோம். அவள் பின்னுகிற பொம்மை எதுவும் கட்டைவிரலைவிட உயரம் இருக்காது. இரண்டு முனையும் கூரான மெல்லிய ஊசிகள் நான்கைச் சதுரமாக மாட்டி, ஐந்தாவது ஊசியால் ஆறு கண்ணியில் ஆரம்பிப்பாள். ஆறு பன்னிரண்டாகும், பன்னிரண்டு பதினெட்டாகும், பிறகு குறையத் தொடங்கும். குறைகிற இடத்தில் கழுத்து வந்துவிடும். தீக்குச்சியால் பஞ்சை உள்ளே தள்ளி, கடுகளவு கறுப்பு மணி இரண்டைக் கண்ணாக வைத்துத் தைத்ததும் அது நம்மைப் பார்க்கும். சளி பிடித்த யானை. பல் கட்டிய முயல். யாரையோ கூப்பிட வந்து பெயரை மறந்துவிட்ட ஆந்தை. ஒவ்வொன்றின் கழுத்திலும் நகத்தளவு அட்டை, அதில் அது பேசுகிற ஒரே ஒரு வாக்கியம். ஆந்தைக்கு 'நுனி நாக்குல இருக்கு' என்று எழுதியிருந்தாள்.

எல்லாம் அவள் கற்பனை என்றுதான் நாங்கள் நினைத்தோம். பிற்பாடுதான் தெரிந்தது, ஆந்தை எங்கள் வாட்ச்மேன் என்று. ஜன்னலோரத்தில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பின்னுகிறபோது அவள் கண் கீழே பஸ் நிறுத்தத்தில் இருக்கும். யார் எப்படி நிற்கிறார்கள், யார் எதைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறார்கள், யாருடைய தலை பேசும்போது எந்தப் பக்கம் சாய்கிறது, எல்லாம் ஒரு நோட்டில் ஏறும். ஒருத்தரை ஒரு மாதம் பார்த்தால்தான் ஒரு பொம்மை வரும் என்று சொல்வாள்.

அவள் கணவரின் அக்காவுக்குத் தபால் நிலையத்தில் வேலை. பார்சல் கவுண்டர், பத்தொன்பது வருஷம். நல்ல உயரம், ஒடிசலான உடம்பு, நீளமான கழுத்து. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று கேட்கும் தைரியம் யாருக்கும் வரவில்லை. முழங்கையில் எப்போதும் ஒரு பழுப்பு நிறப் பை தொங்கும். 'ரெண்டாவது தடவை சொல்ல மாட்டேன்' என்று சொல்லிவிட்டுத்தான் எதையும் சொல்வார். பார்சலைச் சரியாகக் கட்டாமல் கொண்டுபோனவர்கள் எல்லோரும் அந்தக் குரலைக் கேட்டிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கவுண்டரில்தான் வரிசை நீளமாக இருக்கும், ஏனென்றால் அவர் அனுப்பிய பார்சல் போய்ச் சேர்ந்துவிடும்.

பொம்மைக்காரி அவரை அண்ணி என்று கூப்பிடுவாள். அவள் கல்யாணமாகி வந்த ஆறு வருஷத்தில் இரண்டு பேருக்கும் சண்டை வந்ததில்லை. நெருக்கமும் வரவில்லை. அந்தக் குறுகிய சமையலறையில் ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொள்ளாமல் வேலை செய்யப் பழகியிருந்தார்கள், அவ்வளவுதான். அண்ணிக்குத் தன்னைப் பிடிக்குமா பிடிக்காதா என்று இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அவள் என்னிடம் இரண்டு மூன்று தடவை சொல்லியிருக்கிறாள்.

அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. துணி காயவில்லை, தீப்பெட்டி நமுத்தது, கம்பளி நூல் ஊசியில் வழுக்காமல் இழுத்தது. ஒரு வாரத்தில் மூன்றாவது தடவையாக அவள் பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் கண்ணி எண்ணப் போய்விட்டாள். தீய்ந்த வாசனை என் வீடுவரைக்கும் வந்தது. வேலைக்குக் கிளம்பி நின்ற அண்ணி பையைக் கழற்றி வைத்துவிட்டு, பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தார். அவள் ஓடிவந்து கையிலிருந்து வாங்கப் பார்த்தாள், கொடுக்கவில்லை. தேய்த்துக் கவிழ்த்துவிட்டுத்தான் பேசினார்.

"ஊசியில இருக்கிற கண்ணுல பாதி அடுப்புல இருந்தா போதும்."

இதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்ததாம் அவளுக்கு. அன்றைக்கே, கோபம் தணியாமலே, சாம்பல் நிற நூலை எடுத்து ஆறு கண்ணி போட்டாள். பாத்திரம் தேய்க்கும்போது அண்ணி நின்ற விதம் அவள் கண்ணில் அப்படியே இருந்தது. வலது காலில் உடம்பு முழுவதும், இடது கால் தரையில் பட்டும் படாமலும்.

கொக்கு.

முதலில் பின்னியதைப் பிரித்துவிட்டாள். சரியாக வரவில்லை. பிறகு ஒரு மாதம் அண்ணியைப் பார்த்தாள். அடுப்படியில் பார்த்தாள், படியில் பார்த்தாள், தபால் நிலையத்துக்குப் போய் வரிசையின் கடைசியில் நின்றும் பார்த்தாள். கழுத்துக்கு மூன்று கண்ணியில் கயிறு மாதிரி பின்னி உள்ளே கம்பி விட்டாள். மூக்கின் மேல் கண்ணாடி, இறக்கையில் அரிசியளவு பழுப்புப் பை. கால்களுக்குக் கம்பியில் ஆரஞ்சு நூல் சுற்றி, இடது காலை மடக்கி வயிற்றோடு ஒட்டினாள். கழுத்து அட்டையில் 'ரெண்டாவது தடவை சொல்ல மாட்டேன்'.

மெக்கானிக் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வருகிறவரைக்கும் சிரித்தார். அவள் அதை என் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினாள், நானும் சிரித்தேன். சும்மா சொல்லக் கூடாது, எனக்கு ஒன்று வேண்டும் என்று கேட்டு வாங்கி, சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டேன். அண்ணி பொம்மைகளை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார், அதனால் தெரியவா போகிறது என்ற எண்ணம் எங்கள் மூன்று பேருக்கும் இருந்தது.

அவளுடைய பொம்மைகள் விற்றது கடைத்தெரு முனையில் ஒரு எழுதுபொருள் கடையில். அங்கேயிருந்து தபால் நிலையம் பத்துக் கடை தள்ளி. கொக்கைக் கண்ணாடி அலமாரியில் வைத்த இரண்டாவது வாரமே கடைக்காரம்மா ஆள் அனுப்பினார், இன்னும் வேண்டும் என்று. யானையும் முயலும் அப்படிப் போனதில்லை. வாங்கினவர்களில் பாதிப் பேர் பார்சல் கவுண்டரில் நின்றவர்கள். ஒருவர் கவுண்டரிலேயே அதை எடுத்து நிறுத்தி, இது யார் தெரிகிறதா என்று கேட்டாராம். அண்ணி கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, பார்சலின் எடையைச் சொன்னாராம். வீட்டுக்கு வந்து, வழக்கம்போல ரொட்டியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்தார், அறைக்குப் போனார்.

பத்து நாள் கழித்து, ஒரு மத்தியான நேரத்தில், படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் ஆறரைக்கு முன்னால் ஏறிவந்து நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு படியிலும் நின்று ஏறினார். கைப்பிடிச் சுவரில் உடம்பை முழுக்கச் சாய்த்திருந்தார். நான் கதவருகே நின்றிருந்தேன். என் கையில் சாவிக்கொத்து இருந்தது. அவர் அதைப் பார்த்தார். நான் கையைப் பின்னால் கொண்டுபோனேன். அதற்கு முன்னும் பின்னும் நடந்ததைப் பொம்மைக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

தபால் நிலையத்தின் பெரிய அதிகாரி மேஜையிலும் ஒரு கொக்கு இருந்திருக்கிறது, யாரோ வேடிக்கைக்கு வாங்கி வைத்தது. அன்றைக்குக் காலையில் அவர் கண்ணாடித் தடுப்பு வழியாகக் கவுண்டரைப் பார்த்திருக்கிறார். பொம்மையைப் பார்த்திருக்கிறார். மறுபடியும் கவுண்டரைப் பார்த்திருக்கிறார். அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கெட்ட மனிதர் இல்லை. கூப்பிட்டு, நிஜமாகவே ஏன் அப்படி நிற்கிறீர்கள் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று அண்ணி சொன்னார். உட்கார்ந்து எழுந்திருங்கள் என்றார். நாற்காலியிலிருந்து எழுந்திருக்க அண்ணியால் முடியவில்லை, மேஜையைப் பிடிக்க வேண்டியிருந்தது. கவுண்டரில் நின்றுதான் வேலை செய்ய வேண்டும், அது விதி. நாளையிலிருந்து பின்னறையில் கடிதம் பிரிக்கிற இடத்துக்குப் போங்கள், முதலில் டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வீட்டுக்குள் வந்ததும் அண்ணி பையிலிருந்து ஒரு கொக்கை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில், நூலுக்கும் பஞ்சுக்கும் நடுவில் வைத்தார். அவரும் ஒன்று வாங்கியிருந்தார் போலிருக்கிறது.

"இது நான்தானே?"

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியதாம் அவளுக்கு.

"ஆமா அண்ணி."

"எப்போ பண்ணினே?"

"பால் தீஞ்ச அன்னிக்கு ஆரம்பிச்சேன். கோவத்துலதான் பண்ணினேன். மன்னிச்சிடுங்க."

"கோவத்துல பண்ணின மாதிரி தெரியலையே. கழுத்து சரியா இருக்கு. பையில இருக்கிற ஒட்டுகூட விடலை." அண்ணி பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஊர் சிரிச்சா சிரிச்சிட்டுப் போகுது. பத்தொன்பது வருஷமா பின்னாடி என்ன பேசறாங்கன்னு எனக்குத் தெரியாதா. இந்தக் கால். இதை எப்படிப் பிடிச்சே?"

"பார்த்தேன்."

"எத்தனை நாள்?"

"ஒரு மாசம்."

"ஒரு மாசம் என் காலைப் பார்த்திருக்கே." குரல் ஏறவேயில்லையாம். "எந்தக் கால், எவ்வளவு தூக்கறேன், எல்லாம் பார்த்திருக்கே. வலிக்குதான்னு ஒரு தடவை கேக்கலையே."

பொம்மைக்காரிக்கு அழுகைகூட வரவில்லை. அவள் அதுவரை அதை வலி என்று நினைத்ததே இல்லை; அண்ணி நிற்கிற தினுசு என்றுதான் நினைத்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் நோட்டை எடுத்துக் கொடுத்தாள். சமாதானம் சொல்வதற்காக அல்ல, கொடுக்க வேறு எதுவும் இல்லாததால்.

அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். இடது கால். காலையில் லேசாக, மாலையில் நன்றாகத் தூக்கல். மழை நாளில் இன்னும் அதிகம். படி ஏறும்போது வலது கால் முதலில், இறங்கும்போது இடது கால் முதலில். நாற்காலியில் உட்கார்ந்தால் இடது காலை நீட்டிவிடுகிறார். குனிய மாட்டார், கீழே விழுந்ததைக் காலால் தள்ளிக்கொண்டு போகிறார். இப்படி நான்கு பக்கம், தேதி போட்டு. இரண்டு வருஷமாக வீட்டில் யாருக்கும் தெரியாமல் மறைத்ததெல்லாம் அந்த நான்கு பக்கத்தில் இருந்தது. ஏன் மறைத்தார் என்று அவள் கேட்டதற்கு, பின்னறைக்கு அனுப்பிவிடுவார்கள் என்றார். அங்கே ஜன்னல் இல்லை, பேச ஆள் இல்லை. கடிதத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் உட்கார்ந்தால் தன்னை யாருக்குத் தெரியும் என்றார். தனக்கு ஜனங்களைப் பிடிக்கும் என்று அண்ணி வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான்.

நோட்டை மூடிவிட்டு, "டாக்டர் கிட்ட இதையும் எடுத்துட்டு வா," என்றார்.

டாக்டர் வலி எப்போது கூடுகிறது, என்ன செய்தால் குறைகிறது என்று கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அண்ணி தெரியாது என்றே சொன்னார். நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. வலியைப் பார்க்காமல் இருப்பதற்கே அவருடைய முழு கவனமும் போயிருக்கிறது. பொம்மைக்காரி நோட்டைப் பார்த்துப் பதில் சொன்னாள். டாக்டர் அவளை நர்ஸா என்று கேட்டார். இல்லை, பொம்மை பின்னுகிறேன் என்றாள். முட்டிக்குள் இருக்கிற மெத்தை தேய்ந்துவிட்டது. ஆறு வாரம் வீட்டில் ஓய்வு, முட்டிக்குப் பட்டி, காலையும் மாலையும் பயிற்சி. இனிமேல் மணிக்கணக்கில் நிற்கவே கூடாது. இன்னும் ஒரு வருஷம் இப்படியே ஓட்டியிருந்தால் அறுத்துச் செயற்கை மூட்டுத்தான் வைத்திருக்க வேண்டும் என்றார்.

மெக்கானிக் அன்று சாயங்காலம் விஷயம் தெரிந்து, கருவிப்பையை இறக்காமல் அப்படியே நின்றார். அவர் சிரித்ததைப் பற்றி அக்கா ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. மறுநாள், முதல் மாடியிலும் இரண்டாம் மாடியிலும் படி திரும்புகிற இடத்தில் ஒவ்வொரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். "ஊருக்கெல்லாம் லிஃப்ட் விடறேன்," என்று என்னிடம் சொல்ல ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டுப் போனார்.

பொம்மைக்காரி எழுதுபொருள் கடைக்குப் போய் மீதியிருந்த பதினொரு கொக்குகளையும் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தாள். கடைக்காரம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் என்னுடையதைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணி மேஜைக்கு எதிர்ப்பக்கம் காலைத் தலையணை மேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். அவள் ஒவ்வொன்றாகக் கழுத்து அட்டையை வெட்டி, நூல் முனையைத் தேடி, பிரித்தாள். பின்னுவதற்கு ஒரு நாள் பிடித்தது பிரிவதற்கு ஒரு நிமிஷம்கூடப் பிடிக்கவில்லை. சாம்பல் நூல் சுருள் சுருளாக மேஜையில் குவிந்தது. அண்ணி தடுக்கவும் இல்லை, பிரி என்று சொல்லவும் இல்லை. கடைசியில்தான் கேட்டார்.

"ஆபீசர் மேஜையில ஒண்ணு இருக்கே."

"போய்க் கேட்டு வாங்கிட்டு வந்துடறேன் அண்ணி."

"வேண்டாம். அது அங்கேயே இருக்கட்டும். தினம் பார்க்கட்டும்."

அன்றைக்கே அண்ணி தபால் நிலையத்துக்குத் தன் முதல் கடிதத்தை எழுதினார். கவுண்டரில் நிற்பவர்களுக்கு உயரமான ஸ்டூல் வேண்டும் என்று. பதில் வரவில்லை. இரண்டாவது எழுதினார். கவுண்டர் உயரத்துக்கு ஸ்டூல் கிடையாது என்று பதில் வந்தது. பொம்மைக்காரியைக் கூப்பிட்டு, நீ படம் போடு என்றார். இந்த மாதிரி வேலைக்கு அவளைவிட ஆள் கிடைக்காது. கவுண்டர் பலகையின் உயரம், அண்ணியின் முட்டி மடங்குகிற கோணம், கால் வைக்க ஒரு கட்டை எங்கே வரவேண்டும், எல்லாவற்றையும் அளந்து வரைந்தாள். இந்தத் தடவை ஒவ்வொரு அளவுக்கும் கேட்டாள். இங்கே வலிக்கிறதா, இப்படி வைத்தால் பரவாயில்லையா என்று. முதல் நாலைந்து தடவை அண்ணி ஒன்றுமில்லை என்றே சொன்னார். பிறகு, சொல்லிப் பழக்கமில்லாத ஒருவர் சொல்வதுபோல, தயங்கித் தயங்கி, வலிக்கிறது என்றார். அந்தப் படத்தை ஒவ்வொரு கடிதத்தோடும் வைத்து அனுப்பினார். மொத்தம் ஒன்பது கடிதம்.

அந்த ஆறு வாரத்தில்தான் வீட்டில் பகல் எப்படிப் போகிறது என்று அண்ணி பார்த்தார். நாலாவது வாரமோ என்னவோ, மத்தியானச் சாப்பாடு முடிந்து நானும் அங்கே இருந்தேன். வெளியே தூறல். அண்ணி டீயைக் கீழே வைத்துவிட்டு, பொம்மைக்காரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு சொல்லட்டுமா? கேட்டா உனக்கு வருத்தமா இருக்கும். வேண்டாம்னா விட்டுடறேன்."

அவள் ஊசி நின்றது. "சொல்லுங்க அண்ணி."

"கொக்கு, ஆந்தைன்னு எல்லாரையும் பின்னறியே. நீ யாருன்னு தெரியுமா? நத்தை."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"உட்கார்ந்தா முதுகு வளைஞ்சு மேஜையோட ஒட்டிக்குது. போற இடமெல்லாம் பின்னாடியே நூல் வருது, நேத்து பாத்ரூம் வரைக்கும் வந்துச்சு. யாராவது கதவைத் தட்டினா தலையை உள்ள இழுத்துக்கறே. வெளி ஆளுக்கு மட்டும் இல்லை. ஆறு வருஷமா நான் சமையல்கட்டுக்கு வந்தாலே நீ உள்ள போயிடறே. என்னைக் கண்டா பிடிக்கலையோன்னு நினைச்சேன்."

பொம்மைக்காரி எழுந்து அறைக்குள் போனாள். மடித்து வைத்திருந்த துணியை எடுத்து மறுபடியும் மடிக்கிற சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கலாமா என்று பார்த்தேன். அண்ணி கண்ணாலேயே இரு என்றார். அவர் முகத்தில் கவலை இருந்தது. சொல்லியிருக்க வேண்டாமோ என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். பத்து நிமிஷம் கழித்து அவள் வந்து உட்கார்ந்தாள். மூக்கு சிவந்திருந்தது. பழுப்பு நூலை எடுத்து ஆறு கண்ணி போட்டாள்.

"கொம்பு எப்படி இருக்கணும்?"

அண்ணி யோசித்தார். "ஒண்ணு வெளியே, ஒண்ணு உள்ளே. எட்டிப் பார்க்கிற மாதிரி."

நத்தை ஓட்டுக்கு நீள நாடாவாகப் பின்னிச் சுருட்டித் தைத்தாள். நான்கு தடவை பிரித்தாள். ஓடு பெரிதாக இருக்கிறது, முதுகு போதாது, இன்னும் வளை என்று அண்ணி விடவில்லை. அட்டையில் என்ன எழுதுவது என்றதற்கும் அவரே சொன்னார். கூப்பிட்டால் அவள் எப்போதும் சொல்கிற, சொல்லிவிட்டு வராமல் இருக்கிற அந்த வார்த்தை: 'இதோ வந்துட்டேன்'. முடித்து மேஜையில் வைத்தபோது மூன்று பேரும் பார்த்தோம். அது கொக்கைவிட நன்றாக வந்திருந்தது என்பது என் அபிப்பிராயம். பொம்மைக்காரி அதைக் கையில் எடுத்துவைத்துக்கொண்டு, தான் இவ்வளவு கூனலாகவா இருக்கிறோம் என்று கேட்டாள். அவள்தான் முதலில் சிரித்தாள்.

ஒன்பதாவது கடிதத்துக்குப் பதில் வந்தது. அதிகாரியே எழுதியிருந்தார். மூன்று கவுண்டருக்கும் மூன்று ஸ்டூல், படத்தில் இருக்கிற அளவுக்கே தச்சரிடம் சொல்லியாகிவிட்டது என்று. ஓய்வு முடிந்து இரண்டு வாரம் பின்னறையில் உட்கார்ந்துவிட்டு, ஸ்டூல் வந்த அன்றைக்கு அண்ணி கவுண்டருக்குப் போனார்.

நத்தை வேண்டும் என்று வெளியூர்க் கடை ஒன்றிலிருந்து கேட்டிருந்தார்கள். பன்னிரண்டைப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் அடுக்கி, துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போனாள். வரிசையில் பதினேழு பேர். மற்ற இரண்டு கவுண்டருக்கு முன்னாலும் ஆளே இல்லை. அண்ணி ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு காலும் கட்டையின் மேல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. எங்கள் முறை வந்ததும் பெட்டியை வாங்கித் தராசில் வைத்தார். எங்களைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

"உள்ள என்ன?"

"பொம்மை."

"உடையுமா?"

"உடையாது."

முத்திரை குத்தி ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். பொம்மைக்காரி நகராமல் நின்றாள்.

"அண்ணி, கால் இப்போ எப்படி இருக்கு? வலிக்குதா?"

"அதை வீட்ல கேளு. பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."

நாங்கள் விலகி வெளியே வந்தோம். அன்றைக்குச் சாயங்காலம் அவள் வீட்டில் கேட்டிருக்கிறாள். முட்டியில் ஆரம்பித்து, இடுப்பு, தோள், பட்டி போடுகிற இடத்தில் அரிப்பு, ஸ்டூலில் ஒரு ஆணி என்று பதில் முக்கால் மணி நேரம் வந்ததாம். ஒரு சுற்றுகூடப் பின்ன முடியவில்லை என்று மறுநாள் காலையில் என்னிடம் குறைபட்டுக்கொண்டாள்.